மூச்சு ஊதுகிறவர்கள்

இப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டியின் மூக்கு அய்யாவின் உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது, சளியும் நீரும் சொட்டுகிற அந்தச் சின்ன முகத்தை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இப்போது ஊதிவிடப் போகிறார், அந்த நேரத்தில்தான் நான் அதைக் கேட்டேன், எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் உங்கய்யாவிடம் கேட்டுவிடாதே என்று ஆத்தா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்ததை, கடையில் உப்புக் கேட்கிற குரலில் கேட்டேன், அய்யா, பட்டியில இருக்க எல்லா ஆட்டுக்கும் ரத்தம் எடுத்துச் சோதிக்கணும், ஒண்ணு விடாம, அது வரைக்கும் ஒரு உருப்படியும் வெளிய போகக் கூடாது. இழுத்த மூச்சு அவருக்குள்ளேயே நின்றுபோனது, வேலியோரம் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த முத்திருளாண்டி மாமா, ஆத்தாவின் தம்பி, தீக்குச்சி விரலைச் சுடும்வரை அதைக் கீழே போடவில்லை, ஆத்தா தலையில் போட்டிருந்த துண்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள், காலை வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில் குளிருக்குப் போர்த்துகிற மாதிரி துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறவளை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மத்தியானம் குட்டியானை லோடு வண்டி வரும், மாமா பேசி முடித்திருக்கிற வியாபாரி வருவான், பாதிப் பட்டியை ஏற்றிக்கொண்டு போய் எந்தெந்த ஊர்ப் பட்டியில் இறக்குவானோ, அதற்குள் தடுத்தாக வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதுவரை பேச்சை இழுத்தால் போதும் என்று அவர்களுக்கும் தெரியும். வாய வைக்காதீங்கய்யா, என்று குனிந்து, காலடியில் கிடந்த வைக்கோல் தாளை எடுத்துக் குட்டியின் மூக்குத் துளைக்குள் நுழைத்துத் திருகினேன், திரும்பவும் திருகினேன், குட்டி உடம்பெல்லாம் சிலிர்த்துத் தும்மியது, சளி அய்யாவின் வேட்டியில் தெறித்தது, விலா ஏறி இறங்கத் தொடங்கியது. இது எங்க படிச்ச, என்றார் அய்யா, கோபமா ஆச்சரியமா என்று பிரிக்க முடியாத குரலில். உங்ககிட்ட படிச்சதுக்குத்தான் அத்தன மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன், இது வேற எடத்துல படிச்சது, என்றேன்.

என் கை சின்னது, மணிக்கட்டைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் வளைத்தால் இன்னும் இடம் மிச்சமிருக்கும், அய்யாவின் கை பனைமட்டை, ஆத்தாவின் கை விறகு வெட்டி விறகு வெட்டி மூட்டுப் பெருத்துப்போனது, ஆகவே எந்தப் பட்டியிலாவது குட்டி குறுக்கே விழுந்து ஆடு கத்தத் தொடங்கினால் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் தேடுவது என்னைத்தான், சாத்தையா மக எங்கடா, கை வேணும், என்று பள்ளிக்கூட வாசலுக்கே ஆள் வரும், நான் வேண்டாம், கை போதும், கணக்கு வாத்தியார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, ஒனக்குக் கேஸ் வந்திருக்கு போ என்பார், வகுப்பே சிரிக்கும், நான் சட்டைக் கையை அக்குள்வரை சுருட்டிக்கொண்டு, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, அந்தச் சூட்டுக்குள் கையை விடுவேன், கண்ணை மூடிக்கொண்டால்தான் தெரியும், இது முன்னங்கால், இது முட்டி, இது நாக்கு, விரலைச் சப்புகிறது, உயிரோடுதான் இருக்கிறது, ஆடு முக்கும்போது இழு, முக்காதபோது சும்மா இரு, வெளியே வழுக்கிக்கொண்டு வந்து விழுந்ததும் எடுத்த கைக்காரிதான் முதல் மூச்சையும் கொடுக்க வேண்டும், எங்கள் ஆட்களின் வழக்கம் அது, வேறு யாராவது ஊதினால் குட்டி தேறாது என்பார்கள், ஆகவே மூக்கோடு வாயை வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு ஊதுவேன், உப்புக் கரிக்கும், இரும்பு வாடை அடிக்கும், ஊதிய மூச்சு உள்ளே போய் அந்த வயிறு என் உள்ளங்கையில் உப்பும்போது உலகத்தில் நான் மட்டும்தான் ஏதோ உருப்படியாகச் செய்திருக்கிறேன் என்று இருக்கும், இப்போது நினைத்தாலும் இருக்கிறது, அந்த மூச்சின் வழியேதான் அது எனக்குள் வந்திருக்கும் என்று தெரிந்த பிறகும் இருக்கிறது.

முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீசில் கொடுத்த சான்றிதழுக்கு ஆத்தா பிளாஸ்டிக் உறை போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள், அன்றைக்கே சட்டமும் போட்டாள், இனிமே எம்மக பட்டிப் பக்கம் வர மாட்டா, எவனும் கை வேணும் கால் வேணும்னு வராதீங்க, நான் கல்லூரிக்குப் போனேன், விடுதியில் ஒருத்தி மூக்கைச் சுளித்து, இங்க என்ன ஆட்டு வாடை என்று கேட்டதை நான் ஆத்தாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொன்னேன், அடுத்த தடவை நான் ஊருக்கு வந்து திரும்பும்போது என் கையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப்போய் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து முழங்கை வரை தேய்த்துக் கழுவி, மோந்து பார்த்து, திரும்பவும் கழுவி, பவுடர் போட்டு, அதற்கப்புறம்தான் பஸ்ஸுக்கு விட்டாள். வேலை கிடைத்தது மதுரையில், வண்டி விற்கிற ஷோரூமில் கணக்குப் பார்க்கிற வேலை, கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, ஆத்தாவுக்கு அந்தக் குளிரூட்டிய அறைதான் பெரிது, ஊரெல்லாம் சொன்னாள், ஆனால் ஆடு கத்தினால் சட்டமாவது ஒன்றாவது, அவளே போன் போடுவாள், தாயி, செவலைக்குக் குட்டி திரும்பல, உங்கய்யா உள்ள விட்டுப் பாத்துட்டாரு, முடியல, இப்பவே பஸ் ஏறி வர்றியா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாருகிட்டயும் சொல்லாத, ஒடம்பு சரியில்லன்னு லீவு போடு. நான் வந்துகொண்டுதான் இருந்தேன், உள்ளே ஒரு கோபம் கிடந்து புகைந்தது, ஆட்டுக்காரி என்று சொல்லாதே என்கிறாய், ஆட்டுக்காரியின் கை மட்டும் உனக்கு வேண்டும், இதை நான் ஒரு தடவையும் அவளிடம் சொன்னதில்லை, கையைக் கழுவக் கொடுத்துவிட்டு நின்றேன்.

அந்த ஐப்பசியில் நிற்காமல் மழை, சந்தையில் சல்லிசாகக் கிடைத்தது என்று மாமா ஓட்டிவந்த சினையாடுகள் எங்கள் பட்டியில் சேர்ந்திருந்தன, நல்ல உயரம், நல்ல மடி, இவ்வளவு நல்ல ஆட்டை ஒருத்தன் ஏன் சல்லிசாகக் கொடுத்தான் என்று யாரும் கேட்கவில்லை, பிறகு ஒன்று குட்டியை வீசியது, இன்னொன்று வீசியது, மாதம் நிறையாமல், முடி முளைக்காமல், தோல் உரித்த முயல் மாதிரி, எங்கள் பழைய ஆடுகளும் வீசத் தொடங்கின, கண்ணு பட்டுருச்சு என்று ஆத்தா எலுமிச்சம்பழம் அறுத்தாள், செவலைக்கு வெளியே வந்த குட்டி செத்திருந்தது, உள்ளே நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டு விழவில்லை, என் விரலில் முள் கிழித்த காயம், அதோடுதான் கையை விட்டேன், மழையில் நனைந்துகொண்டே உரித்து உரித்து எடுத்தேன், இன்னொரு குட்டி இருந்தது, அதுவும் அசையவில்லை, இருந்தாலும் ஊதினேன், விடாமல் ஊதினேன், அய்யா என் தோளைத் தொட்டு, போதும் தாயி, என்று சொல்லும்வரை. ஆத்தா அவற்றையெல்லாம் வெறுங்கையால் அள்ளிக்கொண்டு போய் புதைத்துவிட்டு வந்து, அதே கையால் கறந்த சூட்டோடு பாலைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள், நானும் குடித்தேன், அவளும் குடித்தாள், நுரை மீசை வைத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தோம், அந்தச் சிரிப்பைத்தான் காய்ச்சலில் அடிக்கடி பார்த்தேன்.

காய்ச்சல் சாயங்காலத்தில் வந்தது, காலையில் இருக்காது, ஷோரூமில் உட்கார்ந்திருக்கும்போது இருக்காது, விடுதிக்குத் திரும்பிப் படியேறும்போது எலும்புக்குள் குளிர் ஏறும், ஏறி இறங்கினால் வேர்வை, பாய் நனைந்து, ஊறிய வைக்கோல் வாடை, எனக்குப் பழகிய வாடை, பட்டி என் உடம்புக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது என்று சிரித்துக்கொண்டேன், டைபாய்டு என்றார் ஒருவர், மாத்திரை கொடுத்தார், விட்டது, திரும்ப வந்தது, பிறகு தலைவலி, பிறகு இடது காதுக்குள் ஒரு ரீங்காரம், சுவர்க்கோழி ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டு விடாமல் கத்துகிறது, ஒருநாள் சுவர்க்கோழி நின்றது, நிம்மதி என்று நினைத்தேன், அந்தக் காதே நின்றுபோயிருந்தது. கணக்கில் தப்பு வந்தது, மேலாளர் முகம் யார் முகம் என்று யோசிக்க வேண்டி வந்தது, மாடிப்படியில் இறங்கும்போது கால் எனக்கு முன்னால் போய்விட்டது, விழுந்தேன், வார்த்தை குழறியது, காதல் தோல்வியா என்று ஒரு டாக்டர் கேட்டார், மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார், ஆமாம் சார் ஆட்டோடு காதல் என்று சொல்ல வாயெடுத்தேன், வாய் வரவில்லை, ஆத்தா வந்து என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள், தூக்கிக்கொண்டா, கைத்தாங்கலாகவா, ஆட்டோவிலா, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்ததெல்லாம் வார்டு வாசல் வழியாக ஆடுகள் வந்துகொண்டிருந்ததுதான், முதலில் செவலை, பின்னால் மற்றவை, குளம்புச் சத்தம் டைல்ஸ் தரையில் டக்டக்கென்று, கட்டில் கட்டிலாக நுழைந்து போர்வை நுனியை மென்றன, ஊசி மருந்துப் பாட்டிலை நக்கின, நர்சம்மா அவற்றின் நடுவே இடித்துக்கொண்டு நடந்து வந்தாள், ஒரு வார்த்தை திட்டவில்லை, எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்தேன்.

வீட்டுல ஆடு மாடு இருக்கா, என்று கேட்டது டாக்டர் ஜெனிட்டா, என்னைவிட இரண்டு வயசு கூட இருந்தால் அதிகம், மேற்படிப்புப் படித்துக்கொண்டே வார்டு பார்க்கிறவர், சாப்பிட நேரமில்லாத முகம், எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், பச்சப் பால் குடிக்கிற பழக்கம் உண்டா, ஆடு மாட்டுக்குப் பிரசவம் பாக்கிற பழக்கம் உண்டா, நான் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன், வலது காது நன்றாக வேலை செய்தது, நாக்குதான் மரக்கட்டை, ஆத்தா பதில் சொன்னாள், நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஐயோ டாக்டரம்மா, எம்மக டிகிரி படிச்சவ, குளுகுளு ரூம்ல ஒக்காந்து கணக்குப் பாக்குறவ, ஆட்டுப் புழுக்க என்ன நெறம்னு கூட அவளுக்குத் தெரியாது. அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை என்னால் இன்றைக்கும் வெறுக்க முடியவில்லை, அந்தப் பெருமைக்காக அவள் எவ்வளவு விறகு வெட்டியிருக்கிறாள், என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அங்கே ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தப் பதிலில் நான் செத்துப்போயிருப்பேன். இல்லை என்று டாக்டர் எழுதிக்கொண்டார், வேறு எதை எதையோ தேடினார்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், மூளையைச் சுற்றி அழற்சி இருக்கிறது, எதனால் என்று தெரியவில்லை, நான் ஆடுகளோடு இருந்தேன், செவலை என் கட்டில் ஓரத்தில் படுத்து முக்கியது, கண் என்னைப் பார்த்தது, என்னால் எழுந்திருக்க முடியவில்லை, யாருமே கவனிக்காமல் மருந்து டிராலியை உருட்டுகிறார்கள், எனக்கு வந்ததே ஒரு கோபம், மரக்கட்டை நாக்கு புரண்டது, கொடி விழல, செவலைக்குக் கொடி விழல, கை வேணும், எண்ணெய் கொண்டா, என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்கிறேன்.

என்ன சொல்றா இவ, என்று டாக்டர் ஜெனிட்டா நின்றார், காச்சல்ல பெனாத்துறா டாக்டரம்மா, என்று ஆத்தா அவசரமாக என் வாயைத் துண்டால் துடைத்தாள், துண்டைத் தள்ளிவிட்டேன், டாக்டர் குனிந்து என் வலது காதுப் பக்கம் வந்து, என்ன கொடி, யாரோட கை, என்று கேட்டார், வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள், எவ்வளவு வேலை, அவர் நின்றார், நான் என் கையைத் தூக்கிக் காட்டினேன், நடுங்குகிற, சின்ன, முள் கிழித்த தழும்பு இருக்கிற கையை, அவர் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு ஆத்தாவைப் பார்த்தார், அக்கா, உங்க வீட்டுல எத்தன ஆடு இருக்கு, என்று கேட்டார், இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆத்தா உட்கார்ந்தவாக்கில் சரிந்தாள். ரத்தத்திலும் முதுகு நீரிலும் அது இருந்தது, புரூசெல்லா, ஆட்டுக்குக் குட்டியை வீசச்செய்கிற பாக்டீரியா, மனுஷருக்கு வந்தால் சாயங்காலக் காய்ச்சல், மூட்டுவலி, அபூர்வமாக நூற்றில் சிலருக்கு மூளைக்கும் நரம்புக்கும் ஏறும், அந்தச் சிலரில் நான், புத்தகத்துல படிச்சிருக்கேன், நேர்ல பாக்கிற மொத ஆளு நீதான், என்றார் டாக்டர் ஜெனிட்டா, முகத்தில் ஒரு சந்தோஷம், சட்டென்று அதை மறைத்துக்கொண்டு, மருந்து இருக்கு, புரியுதா, இதுக்கு மருந்து இருக்கு, நெறைய நாள் சாப்பிடணும், காது வராம போகலாம், காலு வரும், நீ வருவ, என்றார், நான் வந்தேன்.

வந்தது ஒரே நாளிலா, இல்லை, ஊசி ஏறிக்கொண்டே இருந்தது, மாத்திரை விழுங்கிக்கொண்டே இருந்தேன், மூத்திரம் செக்கச்செவேலென்று போனது, ரத்தமோ என்று ஆத்தா அலறி நர்சம்மாவைக் கூட்டிவந்தாள், மருந்தோட கலரும்மா, பயப்படாதீங்க, கண்ணீர்கூட அப்படித்தான் வரும் என்று அவர் சொல்ல, அழுது பார்த்தேன், தலையணை உறையில் லேசான காவிக்கறை, எனக்குச் சிரிப்பு வந்தது, ஆடுகள் ஒவ்வொன்றாக வார்டைவிட்டுப் போயின, செவலை கடைசியாக, நான் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றேன், மேலாளர் பெயர், விடுதித் தோழி பெயர், பதினாறாம் வாய்ப்பாடு. டைல்ஸ் கோட்டின் மேல் நட என்பார் டாக்டர் ஜெனிட்டா, நேர்கோடு, ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால், நான் குடிகாரன் மாதிரி சாய்வேன், பக்கத்துக் கட்டில் அக்கா, எம்புருசன் இத விட நேரா நடப்பான்டி என்பாள், திரும்பவும் நடப்பேன், கோடு கொஞ்சம் கொஞ்சமாக என் காலடியில் வந்து படுத்தது, ஆத்தா வராந்தாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஒருநாள் சாயங்காலம் நான் கடைசிவரை நடந்து திரும்பியபோது அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள், தொட்டேன், சுட்டது, அந்தச் சூட்டை எனக்குத் தெரியும், அந்த வேர்வையின் வாடையையும் தெரியும், ரத்தம் குடு ஆத்தா என்றேன், மாட்டேன் என்றாள்.

ஏன் மாட்டேன் என்று அவள் சொன்னதை என்னால் மறக்க முடியாது, என் ரத்தத்துல அது இருக்குன்னு ஒரு வார்த்த வந்துட்டா ஆட்டுல இருக்குன்னு ஆயிரும்டி, உன் விசயத்த எங்கயோ பால் குடிச்சுட்டான்னு ஊருக்குள்ள சமாளிச்சு வச்சிருக்கேன், எனக்கும் வந்துருச்சுன்னா எவன் நம்புவான், எவன் நம்ம பட்டிய அவன் கொல்லையில உரத்துக்குக் கிடை போட விடுவான், எவன் வாங்குவான், ஆடு போயிருச்சுன்னா உங்கய்யா என்னத்துக்கு இருப்பாரு, எனக்கு வெறும் வெயில் காச்சல், நாலு நாள்ல போயிரும், அப்போதுதான் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள், ஆட்டுக்குச் சோதனன்னு அவருகிட்ட மட்டும் கேட்டுறாத, சத்தியம் பண்ணு, நான் பண்ணினேன், காய்ச்சலோடு நடுங்குகிற தலையில் கை வைத்துக்கொண்டு எவள் மறுப்பாள். டாக்டர் ஜெனிட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கம்மாவுக்கு இப்பவே பாத்தா மாத்திரையோட போயிரும், உன்ன மாதிரி மேல ஏற விட்டுறாத, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, என்றார், நான் வீட்டுக்கு வந்தேன், பாலைக் காய்ச்சிக் குடி என்றேன், காய்ச்சினாள், கையில் உறை போட்டுக்கொள் என்றேன், ஒருநாள் போட்டாள், ரத்தம் குடு என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சாயங்காலம் ஆனால் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, புகை கண்ணைக் கரிக்குது என்று முகத்தைத் துடைத்துக்கொள்வாள், நேற்று என் பெயரைக் கூப்பிட வாயெடுத்து, அவள் தங்கையின் பெயரைக் கூப்பிட்டு, அதுவும் இல்லை என்று தெரிந்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை நான் மேலாளர் முகத்தைப் பார்த்த பார்வை. பட்டியைப் பற்றிய ரகசியம் இருக்கிறவரை அவள் ரத்தம் கொடுக்க மாட்டாள், ரகசியம் உடைந்துவிட்டால் அவளுக்கு மறைக்க ஒன்றும் இருக்காது, இவ்வளவுதான் கணக்கு, டிகிரியெல்லாம் வேண்டியதில்லை, போனை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன்.

இப்போது பட்டியில் நிற்கிறேன், குட்டி எழுந்து நிற்கப் பார்க்கிறது, மடங்கி விழுகிறது, தாயாடு அதை நக்குகிறது, மாமாதான் முதலில் பேசினார், படிக்க வச்சதுக்கு நல்லாச் செய்யிற புள்ள, ஒங்கப்பனுக்கு இருக்கிறதே இந்தப் பட்டிதான், ரத்தம் எடுத்தா அம்புட்டும் போச்சு, பேசாம வித்துட்டு வேற புடிச்சுக்கலாம், ஒருத்தருக்கும் தெரியாது. மாமா, நீங்க சந்தையில ஓட்டிட்டு வந்தீங்களே, சல்லிசா, அத வித்தவனும் அவன் வீட்டுல இதே மாதிரிதான் பேசியிருப்பான், என்றேன், ஒருத்தருக்கும் தெரியாது, வித்துருவோம்னு, அவன் செஞ்சது தெரியாமலே போயிருச்சு, என் காதுதான் போச்சு. மாமா பீடியைக் கீழே போட்டு மிதித்தார், அவன் என்னய ஏமாத்துனான், நான் என்ன பண்ணுவேன், என்றார், குரல் சின்னதாகிவிட்டது. இன்னைக்கு மத்தியானம் நீங்க ஏமாத்தப் போறீங்க, அந்த ஊர்லயும் ஒருத்தி இருப்பா, கை சின்னதா, என்றேன். அய்யா எழுந்தார், குட்டியின் ஈரம் இரண்டு கையிலும் இருக்கிறது, எதில் துடைப்பது என்று தெரியாமல் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டே, ஒனக்கு வந்தத ஒருக்கா அனுபவிச்சோம், மருந்து குடிச்ச, நல்லாயிட்ட, முடிஞ்சுபோன விசயத்துக்கு ஏன் பட்டிய அழிக்கணும்ங்கிற, என்றார். அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார், ஆத்தா அவரை அப்படி நம்பவைத்திருந்தாள், இன்னும் முடியலய்யா, என்றேன், ஆத்தாவுக்கும் இருக்கு.

அய்யா ஆத்தாவின் அருகில் போனார், ஈரக்கையால் தொடப் போய், நிறுத்தி, முழங்கையை மடக்கிப் புறங்கையை அவள் கழுத்தில் வைத்தார், எத்தன நாளா, என்றார், வெயிலுதான், என்றாள் ஆத்தா, வெயிலுக்கு எவளாவது இப்பிடி இழுத்துப் போத்திக்குவாளா, என்றார், சாயங்காலம் சாயங்காலமாவா, என்று கேட்டார், என் காய்ச்சலை அவரும் உட்கார்ந்து பார்த்தவர்தானே, ஆத்தா தலையைக் குனிந்துகொண்டாள், பிறகு என் பக்கம் திரும்பி, அவள் அதுவரை அழவில்லை, சத்தியத்த முறிச்சுட்டியேடி, என் தலையில அடிச்ச சத்தியம், என் தலைக்கு என்னாகும், என்றாள். ஒன் தலைக்கு ஏறக் கூடாதுன்னுதான் முறிச்சேன், என்றேன், கத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன், இத்தனை மாசக் கோபத்தையும் அங்கே கொட்ட வேண்டும் என்று, சத்தம் வரவில்லை, காய்ச்சல் தணிந்த உடம்பு மாதிரி இருந்தது குரல், அய்யா பக்கம் திரும்பினேன், நான் ஒங்ககிட்ட கேக்கிற மாதிரி கேட்டேன்யா, ஆனா கேக்கல, சொல்லத்தான் வந்தேன், கால்நடை டாக்டரு ஆளுகளோட வந்துட்டாரு, கம்மாப் பாலத்துல வண்டி நிக்குது, இங்க வர வழி தெரியாது, நான் போய்க் கூட்டியாரணும், நோய் இருக்கிறத தனியா கழிக்கணும், இல்லாதது நிக்கும், எல்லாம் போயிராது, எது போகும்னு எனக்கும் தெரியாது, அதச் சோதிக்கத்தான் சொல்றேன். பட்டியே காலியாயிருச்சுன்னா, என்றார் அய்யா, காலியான பட்டியில சுண்ணாம்பு அடிச்சு வெயில்ல காயவிட்டு, ஒண்ணு ரெண்டுன்னு திரும்பச் சேப்போம், என் சம்பளத்துல, வாங்கும்போது ரத்தம் பாத்து வாங்குவோம், என்றேன், ஷோரூமில் அடுத்த மாசம் வரச் சொல்லியிருந்தார்கள், அதை அப்போதுதான் முதல் தடவையாக அவர்களிடம் சொன்னேன்.

மாமா போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார், யாரைக் கூப்பிடப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, ஆத்தா நான் போய் அவர்களைக் கூட்டிவருவதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள், பிறகு துண்டை எடுத்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த டாக்டரு ஆட்ட முடிச்சுட்டு என்னய ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்திக்குவாரா, இல்ல ஆட்டு டாக்டரு ஆட்டத்தான் ஏத்துவாரா, என்றாள், அய்யாவின் உதடு கோணியது, சிரிப்புத்தான், இந்த வருஷத்தில் முதல் தடவை, கேட்டுப் பாக்குறேன், என்றேன். குட்டி நின்றுவிட்டது, நான்கு காலையும் நான்கு திசையில் பரப்பிக்கொண்டு, உலகம் சாய்கிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியும் அந்தச் சாய்வு, அய்யா குனிந்து, அதன் முகத்தருகே வாயைக் கொண்டுபோகாமல், சாக்கை எடுத்து முதுகைத் தேய்த்துவிடத் தொடங்கினார், தலை நிமிராமலே, கருப்பிய மொதல்ல புடிக்கச் சொல்லு, அது ஊசியப் பாத்தா வேலி தாண்டும், என்றார். நான் படலைத் தூக்கி வெளியே வந்தேன், வரப்பு நேராக இல்லை, நானும் இல்லை, இரண்டும் சேர்ந்து நடந்தோம், பாலத்துப் பக்கம் ஆட்கள் வண்டியைவிட்டு இறங்கி நிற்பது தெரிந்தது, பின்னால் அய்யா படலை இழுத்துச் சாத்திக் கயிறு போடுகிற சத்தம், ஒரு உருப்படியும் வெளியே போகாதபடி, நான் திரும்பிப் பார்க்கவில்லை.